பம்ப் அடித்தால் நிற்கிறது, அது போதுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய பிரேக் பெடலைப் பற்றியவை. எழுதியவர்கள் எல்லாரும் மலையடிவாரத்துக்காரர்கள் அல்லது மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். கம்பம், போடி, செங்கோட்டை, கொழிஞ்சாம்பாறை, மார்த்தாண்டம். வண்டிகளும் வயதானவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் அண்ணே. என்னிடம் 1998 மாடல் மாருதி 800 இருக்கிறது. முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போகிறது. உடனே இன்னொரு தடவை மிதித்தால் மேலே வந்து நன்றாக நிற்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாஸ்டர் சிலிண்டர் புதிதாக மாற்றினார்கள், அப்படியும் போகவில்லை. ஆறு மாதமாகப் பம்ப் அடித்தே ஓட்டுகிறேன், பழகிவிட்டது. வாரம் ஒரு முறை குமுளி போய் வருவேன். ஓட்டலாமா?
– கம்பம் வாசகர்

பதில்: ஓட்ட வேண்டாம் தம்பி. நீங்கள் எழுதியதில் எனக்குப் பயம் தந்த வார்த்தை 'பழகிவிட்டது' என்பதுதான். பெடல் ஒரே நாளில் கீழே போவதில்லை, மாதம் ஒரு விரல்கடை என்று இறங்குகிறது, கால் அதற்கு ஏற்ற மாதிரி தன்னை மாற்றிக்கொள்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது, வேறு யாராவது ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தால் 'ஐயோ, இதையா ஓட்டுறீங்க' என்பார்கள். குமுளியில் இருந்து லோயர் கேம்ப்புக்கு வரும் இறக்கத்தில் எதிரே சபரிமலை சீசன் பஸ் வளைவை அடைத்துக்கொண்டு நிற்கும்போது இரண்டாவது மிதிக்கு நேரம் கிடைக்காது.

சரி, கோளாறுக்கு வருவோம். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர்தான் பிரேக் ஆயிலை லைன் (பைப்) வழியாகச் சக்கரங்களுக்குத் தள்ளுகிறது. இரண்டாவது மிதியில் பெடல் மேலே வருகிறது என்றால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, பின் சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவுக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது. இல்லை, லைனில் காற்று இருக்கிறது. எது என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. இரண்டு மூன்று தடவை மிதித்துவிட்டுப் பெடலை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். மேலே வந்த பெடல் கல் மாதிரி இருக்கிறதா, இல்லை பலூனை மிதிப்பது போல மெத்து மெத்தென்று அமுங்கி அமுங்கி வருகிறதா? கல் மாதிரி இருந்தால் இடைவெளி. அமுங்கினால் காற்று. பிரேக் ஆயிலை அமுக்கிச் சிறிதாக்க முடியாது, காற்றை முடியும், அவ்வளவுதான் விஷயம்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்துவிட்டு, பிறகு பெடலை மிதித்துப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் பின் ஷூக்களை டிரம்மோடு ஒட்ட வைத்துவிடும். இப்போது பெடல் முன்னைவிட நன்றாக மேலேயே நின்றால், பின் ஷூ அட்ஜஸ்ட்மென்ட்தான் கோளாறு என்று ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம்.

உங்கள் வண்டியில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் தானாக வெளியே வந்து நெருங்கிக்கொள்ளும், அங்கே இடைவெளி கூடாது. டிரம்மில் ஷூ தேய்ந்தால் அது டிரம்மைத் தொட அதிக தூரம் நகர வேண்டும், அதற்கு ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டருக்கு அதிக ஆயில் போக வேண்டும். ஒரு மிதியில் மாஸ்டர் சிலிண்டர் தள்ளுகிற ஆயில் அதற்கே செலவாகிவிடுகிறது. ஷூ பழைய இடத்துக்குத் திரும்புவதற்குள் இரண்டாவது மிதி விழுவதால் மிச்சத்தை அது நிரப்புகிறது. மாஸ்டர் சிலிண்டரை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது, அதனால்தான் உங்கள் காசு வீணானது.

செய்ய வேண்டியது இது. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, பின்னால் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டக்கூடாது. ஹேண்ட் பிரேக்கை இறக்கி, அதன் கேபிளைத் தளர்த்திவிட்டு டிரம்மைக் கழற்றுங்கள். இந்தக் கேபிள் விஷயம் முக்கியம். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று யாரோ ஒரு நாள் கேபிளை மட்டும் இறுக்கியிருப்பார்கள். அதனால் ஷூ எப்போதும் கொஞ்சம் விரிந்தே நிற்கும், தானாக நெருங்கிக்கொள்ளும் அட்ஜஸ்டர் வேலை செய்யாமல் போகும். அட்ஜஸ்டர் பல் துருப்பிடித்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸ் மிக மிக மெல்லிசாகத் தடவுங்கள். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கில் ஒரு துளி படக்கூடாது. டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலோ ஏர் பைப்பாலோ ஊதாதீர்கள், பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஈரத் துணியால் துடையுங்கள். டிரம்மைப் போட்டுச் சுற்றினால் ஷூ லேசாக உரசுகிற சத்தம் மட்டும் கேட்கிற அளவுக்கு அட்ஜஸ்ட் செய்து, கடைசியாகத்தான் ஹேண்ட் பிரேக் கேபிளைச் சரி செய்ய வேண்டும்.

கழற்றும்போது வீல் சிலிண்டர் ரப்பர் மூடியின் ஓரத்தை லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் சிலிண்டரையும் மாற்றுங்கள், ஆயில் ஊறிய ஷூவையும் மாற்றுங்கள். பெட்ரோலில் கழுவி, தேய்த்துப் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஊறிய ஆயில் சூட்டில் மறுபடி வெளியே வரும், அந்தப் பக்கம் சரியாகப் பிடிக்காமல் வண்டி மறுபக்கம் இழுக்கும்.

கேள்வி: ஐயா, பழைய அம்பாசடர் வைத்திருக்கிறேன். ரயில்வே கேட்டில் நின்று பெடலை மிதித்தபடியே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தரை வரை போய்விடுகிறது. விட்டு மிதித்தால் வருகிறது. எந்தச் சக்கரத்திலும் கசிவு இல்லை. பிரேக் ஆயில் அளவும் குறையவில்லை.
– தேனி வாசகர்

பதில்: ஐயா, நீங்களே பாதி வேலையை முடித்துவிட்டீர்கள். பெடல் இறங்குகிறது, ஆயில் குறையவில்லை, வெளியே கசியவும் இல்லை. அப்படியானால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்து, தள்ளப்பட வேண்டிய ஆயில் அதைத் தாண்டிப் பின்பக்கமே போகிறது. இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. ஓங்கி மிதித்தால் ரப்பர் உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், பெடல் நிற்கும். மெதுவாக மிதித்தால்தான் இறங்கும். ஒர்க்‌ஷாப்பில் ஓங்கி ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு 'நல்லாத்தானே இருக்கு' என்று அனுப்பிவிடுவார்கள். அதனால் லேசான அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்துக் காட்டுங்கள்.

உறுதி செய்ய வேண்டுமானால் மாஸ்டர் சிலிண்டரில் இருந்து வெளியே போகும் பைப்புகளைக் கழற்றி, அந்தத் துளைகளைப் பொருத்தமான பிளக் வைத்து அடைத்து, உள்ளே காற்று இல்லாமல் செய்துவிட்டு மிதிக்க வேண்டும். அப்போது பெடல் அசையவே கூடாது. இறங்கினால் குற்றவாளி அதுதான்.

கிட் (உள்ளே போடும் ரப்பர்கள்) மட்டும் போதுமா, சிலிண்டரையே முழுசாக மாற்ற வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். பிஸ்டனை எடுத்த பிறகு உள் சுவரைத் துடைத்து விளக்கு அடித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருந்தால் கிட் போதும். பள்ளமோ கோடோ தெரிந்தால், புது ரப்பர் சில மாதத்தில் கிழியும், முழுசாக மாற்றிவிடுவதுதான் நல்லது. உங்கள் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒற்றை லைனா, பாதி பாதியாகப் பிரித்த இரட்டை லைனா என்பதையும் மெக்கானிக்கிடம் கேட்டு வையுங்கள். இரட்டை என்றால் ஒரு பாதி போனாலும் மறு பாதி, பெடல் ஆழமாகப் போனாலும், கொஞ்சமாவது பிடிக்கும். ஒற்றை லைன் என்றால் எங்கே ஓட்டை விழுந்தாலும் நாலு சக்கரமும் போச்சு, அப்புறம் ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். அந்த மாதிரி வண்டிக்கு ஹேண்ட் பிரேக் பெயருக்கு இருந்தால் போதாது.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். பழைய வண்டியில் ஏர் எடுக்கிறேன் (லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறேன்) என்று பெடலைத் தரை வரை ஓங்கி ஓங்கி மிதிக்கக்கூடாது. பிஸ்டன் வருடக்கணக்காகப் போகாத தூரத்தில் சிலிண்டர் சுவரில் அழுக்கும் துருவும் சேர்ந்திருக்கும், ரப்பர் அதில் போய் உரசிக் கிழியும். 'ஏர் எடுத்த மறுநாளே மாஸ்டர் போயிடுச்சு' என்று வருகிறவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, பாதி தூரத்துக்கு மேல் போகாமல் தடுத்துவிட்டு மிதியுங்கள்.

கேள்வி: அண்ணே வணக்கம். பூப்பாறையில் இருந்து போடிக்கு வாரம் இரண்டு தடவை இறங்குகிறேன். மேலே பிரேக் அருமையாக இருக்கிறது. கடைசி நாலைந்து வளைவில் பெடல் பஞ்சு மாதிரி ஆகி ஆழமாகப் போகிறது. அடிவாரத்தில் முந்தலில் நிறுத்தி டீ குடித்துவிட்டு எடுத்தால் சரியாகிவிடுகிறது. மெக்கானிக்கிடம் காட்டினால் குறை ஒன்றும் இல்லை என்கிறார்.
– போடி வாசகர்

பதில்: உங்கள் மெக்கானிக் பொய் சொல்லவில்லை, ஆறின வண்டியில் அவருக்கு எதுவும் தெரியாது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது எனக்கே நடந்தது.

பல வருடத்துக்கு முன்னால், குமுளியில் இருந்து ஒரு குடும்பத்தை அம்பாசடரில் இறக்கிக்கொண்டு வந்தேன். முன்னால் ஒரு மரலாரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. தேர்டு கியரில் பிரேக்கைத் தொட்டுத் தொட்டே அதன் பின்னால் வந்தேன். அடிவாரம் நெருங்கும்போது மிதித்தேன், கால் நேரே தரைக்குப் போனது. பின் சீட்டில் ஒரு கைக்குழந்தை. வேகமாக நாலைந்து பம்ப் அடித்து, செகண்டுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக் பட்டனை அமுக்கியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வண்டியை மலைப்பக்கச் சுவரோரம் ஒட்டி நிறுத்தினேன். கை நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆனது. அரை மணி கழித்து மிதித்தால் பெடல் ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே நின்றது! அந்த வண்டியின் பிரேக் ஆயிலை மாற்றி நாலு வருடம் ஆகியிருந்தது. மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும், நாளை நாளை என்று தள்ளிப்போட்டது நான்தான். இன்றைக்கும் யாராவது 'ஆயில் இருக்கே, எதுக்கு மாத்தணும்' என்று கேட்டால் எனக்கு அந்தக் குழந்தை ஞாபகம்தான் வருகிறது.

நடப்பது என்னவென்றால், போடிமெட்டில் இருந்து போடிக்கு ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் இறங்குகிறோம், 17 கொண்டை ஊசி வளைவு. 1 டன் வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது விடுகிற சக்தி, 30 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் எஞ்சின் வாங்கிக்கொள்ளாத பங்கில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாகத்தான் இறங்கும். அந்தச் சூடு பேட் வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டனில் இருந்து ஆயிலுக்கும் போகிறது.

டாட் 3 என்று தரம் போட்ட பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது, டாட் 4 என்றால் 230. ஆனால் இந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற ரகம். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வழியாகவும், வண்டியில் ஆயில் ஊற்றி வைக்கும் டப்பாவின் மூடி வழியாகவும் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே டாட் 3-க்கு அந்த அளவு 140 டிகிரிக்கும், டாட் 4-க்கு 155-க்கும் இறங்கிவிடுகிறது. பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும், அங்கே நிற்கிற வண்டியில் ஆயில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கொதித்த இடத்தில் ஆவிக் குமிழி உருவாகும், ஆவி காற்றைப் போலவே அமுங்கும், பெடல் பஞ்சாகிவிடும். ஆறினால் குமிழி மறுபடி தண்ணீராகிவிடும், பெடலும் மேலே வந்துவிடும். நீங்கள் டீ குடிக்கிற நேரத்தில் நடப்பது இதுதான்.

இதில் இன்னொரு வகையும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் இருந்து, எவ்வளவு மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போனால், அது லைனிங் சூடேறிப் பிடிப்பை இழப்பது. கருகல் வாடை வரும். டிரம் வண்டிகளில் டிரம்மே சூட்டில் விரிந்து பெடலைக் கொஞ்சம் ஆழமாக்கவும் செய்யும், ஆனால் பஞ்சாக்காது. உங்களுக்கு வருவது கொதிப்பு.

அதனால் உடனே ஆயிலை முழுசாக மாற்றுங்கள். டப்பாவில் மட்டும் ஊற்றி நிரப்பினால் போதாது, நாலு சக்கரத்திலும் புது ஆயில் வரும்வரை பழையதை வெளியேற்ற வேண்டும், ஏனென்றால் சூடேறுவது சக்கரத்துப் பக்கம் நிற்கிற பழைய ஆயில்தான். நம் ஊர் வலது ஸ்டியரிங் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான இடது பின் சக்கரத்தில் ஆரம்பித்து, வலது பின், இடது முன், வலது முன் என்று வருவது வழக்கம். லைன் குறுக்காக (ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் ஒரு ஜோடியாக) பிரிந்த வண்டிகளுக்கு வரிசை மாறும், கையேட்டில் எப்படிப் போட்டிருக்கிறதோ அப்படிச் செய்யுங்கள். ஒருவர் மிதித்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சக்கரத்தில் ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளைத் திறந்து, மூடின பிறகுதான் காலை எடுக்க வேண்டும். இடையில் டப்பா காலியாகிவிட்டால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கடையில் வாங்கித் திறந்து பல நாள் வைத்திருந்த ஆயிலை ஊற்றாதீர்கள். டாட் 3 போட்ட வண்டிக்கு டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிகான், அதை இவற்றோடு கலக்கவே கூடாது. சமவெளியில் ஓடுகிற வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும், உங்களை மாதிரி வாரம் இரண்டு தடவை இறங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம், ஏறின கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே வராமல், வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு பிடி பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டிய சுமை முழுவதையும் அவர்கள் பிரேக் தலையில் ஏற்றுகிறார்கள்.

கேள்வி: ஐயா, அப்பா வைத்திருந்த பிரீமியர் பத்மினியை மூன்று வருடம் கழித்து வெளியே எடுத்திருக்கிறோம். பத்து கிலோமீட்டர் ஓடினால் இடது முன் சக்கரம் மட்டும் கை வைக்க முடியாத சூடு. பிரேக் விட்ட பிறகும் பிடித்தபடியே இருக்கிறது. விற்க மனசில்லை.
– கொழிஞ்சாம்பாறை வாசகி

பதில்: விற்க வேண்டாம் அம்மா, இது சரியாகிற கோளாறு. சக்கரம் பிடித்து நிற்கும்போது வண்டியைத் தூக்கி, அந்தச் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கள். ஆயில் பீச்சி அடித்துச் சக்கரம் உடனே சுற்றினால், ஆயில் உள்ளே அடைபட்டிருக்கிறது. ஒரே சக்கரத்தில் மட்டும் அப்படி என்றால் அதன் ரப்பர் ஹோஸ் மேல் சந்தேகப்படுங்கள். வெளியே பார்த்தால் நல்ல ஹோஸ், உள்ளே ரப்பர் வீங்கியோ உரிந்தோ இருக்கும். மிதிக்கிற பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வர ஸ்பிரிங்கின் பலம் போதாது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கிறது, அல்லது ஷூ ஸ்பிரிங் போய்விட்டது. மூன்று வருடம் நின்ற வண்டி என்பதால் ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லா ஹோஸ்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

நாலு சக்கரமும் இப்படிப் பிடித்தால் கதை வேறு. பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் தள்ளுகோலில் இருக்க வேண்டிய சிறு இடைவெளி (பிளே) இல்லாமல் யாராவது இறுக்கியிருப்பார்கள்.

கேள்வி: டீசல் ஜீப். பெடல் கல்லாக இருக்கிறது, எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருக்கிறது.
– செங்கோட்டை வாசகர்

பதில்: காலின் பலத்தை வேக்குவத்தால் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடத்தால்) கூட்டித் தரும் பூஸ்டரைச் சோதியுங்கள். எஞ்சினை நிறுத்தி நாலைந்து முறை மிதித்து, பெடலை அமுக்கியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கு அடியில் லேசாக இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை, அல்லது பூஸ்டர் டயாபிரம் கிழிந்திருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது ஹோஸ், விலை குறைவு, போவதும் அதுதான் அதிகம். டீசல் வண்டியில் வேக்குவத்துக்குத் தனி பம்ப், பல வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கும், அதையும் பாருங்கள். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினால் நல்ல பூஸ்டரும் இரண்டு மூன்று மிதியில் இப்படித்தான் கல்லாகிவிடும்.

கேள்வி: அண்ணாச்சி, பாறசாலை போகிற வழியில் பிரேக் ஆயில் குறைந்திருந்ததால் அவசரத்துக்குக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊற்றிவிட்டார் டிரைவர். இப்போது பெடல் நன்றாகத்தான் இருக்கிறது. விட்டுவிடலாமா?
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: விடாதீர்கள். பிரேக்கில் இருக்கிற ரப்பர், எஞ்சின் ஆயில் மாதிரியான கனிம எண்ணெய் பட்டால் ஊறி வீங்கி, மென்மையாகி, வேலைக்கு ஆகாமல் போய்விடும். ஓரிரு நாளில் பிரேக் பிடித்தபடியே நிற்கலாம், இல்லை ஒரேயடியாகப் பெடல் உள்ளே போகலாம். டிரைவர் சொன்னது சரிதானா என்று பார்க்க, ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, டப்பாவின் மேல்பக்கத்தில் இருந்து சில துளி உறிஞ்சி அதில் விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும், எஞ்சின் ஆயில் கலந்திருந்தால் மேலே எண்ணெயாக மிதக்கும். மிதந்தால் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் என்று ரப்பர் இருக்கும் எல்லாவற்றையும் மாற்றி, இரும்பு பைப்புகளைக் கழுவிவிட வேண்டும். செலவுதான், வேறு வழி இல்லை. ஒர்க்‌ஷாப்புக்கு அதை ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள், கயிறு கட்டி இழுத்துக்கொண்டும் போகாதீர்கள். ஏற்றிக்கொண்டு போகிற வண்டி ஒன்றைப் பிடியுங்கள்.